2011 குட்டி யானை 1.40 லட்சத்துக்கு வருகிறது, வாங்கலாமா?

மூலனூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு 4 ஏக்கர் முருங்கை, ஓரமாகக் கொஞ்சம் கத்திரி. பறிப்பு நாளில் காயை வாடகை வண்டியில்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். சீசனில் வண்டி கிடைப்பதே பெரும்பாடு. விலை இறங்கிய நாளில் வாடகை போக மிச்சம் பறிகூலிக்குக் கூடக் காண்பதில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் 2011 டாடா ஏஸ் விற்கிறார். டீசல், ஒரே ஓனர், 1 லட்சத்து 40 ஆயிரம் சொல்கிறார். மீட்டர் ஓடவில்லை. ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இழுக்கிறது, புகை பெரிதாக இல்லை. அப்பாவுக்கு மனசில்லை, பழைய வண்டி வாங்கினால் காட்டு வேலையை விட்டுப் பட்டறையில்தான் உட்கார வேண்டும் என்கிறார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், வண்டி வேலை தெரியாது. எதைப் பார்த்து வாங்குவது?

லோடுமேன்77:
மீட்டர் ஓடாத வண்டி வேண்டாம் தம்பி. எவ்வளவு ஓடியது என்றே தெரியாமல் காசு போடாதீர்கள். இன்னும் ஒரு லட்சம் சேர்த்து 2015க்கு மேல் பாருங்கள்.

ஏஸ்2008:
தம்பி, மீட்டருக்காக மட்டும் இதை விட்டுவிட வேண்டாம். நான் 2008 ஏஸ் வைத்துக் காய் ஓட்டுகிறேன். அதன் மீட்டர் கேபிள் அறுந்து பல வருஷம் ஆகிறது. இந்த வயது லோடு வண்டியில் மீட்டர் ஓடினாலும் அதை நம்பி விலை பேச முடியாது.

இன்ஜினைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. 702 சிசி, 2 சிலிண்டர், 16 குதிரைத்திறன். டர்போ கிடையாது. இண்டிகா காரின் 4 சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக்கிச் செய்தது. அதனால் 2005-ல் வண்டி வந்தபோதே நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கை பழகியிருந்தது. சீட்டைத் தூக்கினால் இன்ஜின் கண்ணெதிரே. இந்த வண்டியைக் கெடுப்பது தண்ணீரும் அதிக பாரமும்தான். இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

முதல் 6 வருஷம் ரேடியேட்டரில் எங்கள் போர்த் தண்ணீரையே ஊற்றினேன். நம் பக்கத்துத் தண்ணீர் தெரியும்தானே, வெந்நீர் வைக்கிற குண்டாவில் வெள்ளையாக ஏடு கட்டும். அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் கட்டியது. ஒரு சித்திரையில் தக்காளி 60 பெட்டி ஏற்றினேன். பெட்டிக்கு 15 கிலோ, ஆக 900 கிலோ. வண்டிக்கு முக்கால் டன்தான் கணக்கு. கள்ளிமந்தையம் தாண்டியதும் சூட்டு முள் சிவப்புக்குப் போனது. மார்க்கெட் பக்கத்தில்தானே, ஏலத்தைப் பிடித்துவிடலாம் என்று நிறுத்தாமல் ஓட்டினேன். இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிக் கையில் கொடுத்தார். ஆயில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் நூலாக வழிந்தது. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன்செய்து எல்லாம் மாற்ற 17 ஆயிரம். தக்காளி வேறு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. அந்தப் பெட்டிகளை இறக்கி மாற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் காலையில், அவர் வண்டியை எடுப்பதற்கு முன் போங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். நிறத்தோடு கூலன்ட் (ரேடியேட்டருக்கென்றே விற்கும் திரவம்) இருந்தால் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் என்று அர்த்தம். துருத் தண்ணீர் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். எண்ணெய் மிதந்தால் கேஸ்கட் போன வண்டியாக இருக்கும், பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு சாவியைத் திருப்பியதும் எரியும் ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

அடுத்து ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுங்கள். இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கேபின் முடிந்து பாடி தொடங்கும் இடத்திலும், பின் பட்டை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடுகள்) மாட்டியிருக்கும் இடத்திலும் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஸ்பேனரால் தட்டுங்கள். நல்ல இரும்பு டங்கென்று கேட்கும். துரு தின்ற இடம் தொப்பென்று அடங்கும். அடியில் புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் அங்கே இரண்டு தட்டு கூடத் தட்டுங்கள். பின் பட்டைகளையும் எண்ணிவிடுங்கள். கூடுதலாக ஒன்று சேர்த்திருந்தால் டன்னுக்கு மேல் ஏற்றி ஓடிய வண்டி. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் தேய்மானம் தெரியும்.

இன்ஜினில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து ஹெட்டே போய்விடும். டீசல், டயர், இன்சூரன்ஸ் போக நான் வருஷத்துக்கு 25 ஆயிரம் எடுத்து வைக்கிறேன். சில வருஷம் பாதிகூடச் செலவாகாது. மிச்சத்தைத் தொடுவதில்லை.

மூலனூர்க்காரன்:
அண்ணா, நீங்கள் சொன்னபடி காலை 6 மணிக்கே போனேன். தண்ணீர் செங்காவி நிறம், எண்ணெய் இல்லை. சேஸ் எல்லா இடத்திலும் டங்கென்றுதான் கேட்டது. பின்னால் ஒரு பட்டை கூடுதலாக இருக்கிறது, செங்கல் ஏற்றியதாக அவரே ஒத்துக்கொண்டார். 1.18 வரை வந்துவிட்டார். லைசென்ஸ்தான் இடிக்கிறது. என்னிடம் கார் லைசென்ஸ் மட்டும், வாடகை, லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் வாங்கும் பேட்ஜ் இல்லை.

தாராபுரம் பேப்பர்ஸ்:
நான் ஆர்டிஓ வேலைகள் பார்ப்பவன். உங்கள் கார் லைசென்ஸ், அதாவது எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. ஏஸ் ஏற்றிய பாரத்தோடு 1,550 கிலோதான்.

எஃப்சியை, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றைக் கவனியுங்கள். 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எடுக்க வேண்டும். 15 தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரலில் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். 2011 வண்டி என்பதால் பதிவுத் தேதியைப் பார்த்து அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) கடன் கொடுத்த பைனான்ஸ் பெயர் இருந்தால் அதை அவர் ரத்து செய்து கொடுத்த பிறகே முழுப் பணம். பறிப்பு ஆட்களைப் பின்னால் ஏற்றாதீர்கள். சரக்கு வண்டி இன்சூரன்ஸ் அவர்களுக்குச் செல்லாது. ஏதாவது ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏஸ்2008:
1.18 நியாயமான விலை தம்பி, எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ரேடியேட்டர் கடையில் விட்டு, கழற்றிக் குச்சி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஓஸ் பைப்புகள், தெர்மோஸ்டாட், மூடி மூன்றும் புதுசு போடுங்கள். பிறகு கூலன்டைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அது இருக்கும் வரை வண்டி தாழாது, இன்னும் பத்து கட்டு ஏற்றலாம் என்றுதான் கை போகும். முருங்கையைக் கட்டிய பிறகு ஒரு கட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். 750-ஐ அந்த எடையால் வகுத்து, எத்தனை கட்டு என்று பாடிக் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதிவிடுங்கள். என் வண்டியில் 50 பெட்டி என்று எழுதியிருக்கிறேன்.