100% தேர்ச்சி காட்டும் பள்ளியில் சேர்க்கலாமா?

தர்மபுரி அப்பா:
மகள் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஒன்பதாவதுக்குப் பக்கத்தில் இரண்டு அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்றின் வாசலில் பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி என்று பேனர், இன்னொன்றில் 86%. வீட்டில் எல்லாருக்கும் முதல் பள்ளிதான். ஆனால் அங்கே படித்த தெருப் பையன் ஒருவன் ஒன்பதாவதோடு டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான், "இங்கே இருந்தால் தேறமாட்டாய்" என்றார்களாம். அதிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை. சதவீதத்தை நம்பலாமா?

கணக்கு வாத்தியார்:
நம்பலாம், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தவர்கள் எத்தனை பேர், அவ்வளவுதான். ரிசல்ட் வந்ததும் மாவட்ட அலுவலகத்தில் ரிவ்யூ, சதவீதம் குறைந்த பாடத்தின் ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அதனால் ஜனவரி வந்தால் 'மெல்லக் கற்போர்' பட்டியல் போட்டு, தேறுவதற்கு மட்டும் போதுமான 'மினிமம் மெட்டீரியல்' என்ற சின்னக் குறிப்பைக் கையில் கொடுத்து, அதே பத்துக் கேள்வியை மனப்பாடம் செய்ய வைப்போம். நானும் செய்திருக்கிறேன். 34-ஐ 36 ஆக்கினால் கைதட்டல், 60-ஐ 80 ஆக்கினால் யார் கண்ணிலும் படாது.

சேலம் செல்வி:
சார் சொல்வது சரிதான், ஆனால் ரொம்பவும் மட்டம் தட்டாதீர்கள். 2025-இல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 93.80%, அரசுப் பள்ளிகள் மட்டும் 91.26%. இதில் எத்தனை பிள்ளைகள் வீட்டிலேயே முதன்முதலாகப் பரீட்சை எழுதியவர்கள்! எனக்கு அந்த 35 கிடைக்காமல் போயிருந்தால் பதினோராவது வாசலையே மிதித்திருக்க மாட்டேன்.

கணக்கு வாத்தியார்:
அதை நான் மறுக்கவில்லையம்மா. டி.சி. கொடுத்து வாங்கிய நூறைத்தான் சொல்கிறேன்.

மேலாண்மைக் குழு உறுப்பினர்:
தர்மபுரி அப்பா, நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர், அதே செட்டில் பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர்? ஊர் மாறிப் போனவர்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், பத்துப் பேர் குறைந்தால் விஷயம் வேறு. அப்புறம் கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். 2024 டிசம்பரில் நடந்த 'பரக்' என்ற, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்கும் தேசிய ஆய்வு 3, 6, 9-ஆம் வகுப்புகளில் சில பள்ளிகளை மட்டும் எடுத்துத்தான் பார்த்தது, உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி அதில் தேடாதீர்கள். மகளைச் சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், ஆனால் எங்கள் கூட்டத்துக்கு டீ வருகிற நேரத்தில் வந்து கையெழுத்துப் போட்டுப் போகிறவர்களே அதிகம்.

தர்மபுரி அப்பா:
இரண்டு இடத்திலும் கேட்டேன். நூறு சதவீதப் பள்ளியில் "அந்த விவரமெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்றார்கள். 86-இல் தலைமையாசிரியை பதிவேட்டையே எடுத்துப் பார்த்துச் சொன்னார்: ஒன்பதாவதில் 52, பத்தாவது எழுதியது 50, போன இருவரும் பெங்களூரு. கணக்குக்கு மட்டும் ஆள் இல்லையாம், அதையும் அவரே சொன்னார். திங்கட்கிழமை அங்கேதான் சேர்க்கிறேன். வாத்தியார் சார், கணக்குக்கு வீட்டில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கணக்கு வாத்தியார்:
ஏழாம் வகுப்புப் புத்தகம். பின்னம், விகிதம். வெட்கப்படாமல் அங்கிருந்தே தொடங்குங்கள்.