பொருள்: சுழியோடிகளின் கொழுவிக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

நிலாவெளி, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளி காலை புதிய சுழியோடிகளுக்கு வகுப்பு. பதினொரு பேர், எல்லாரும் கடல்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதுகிறேன், இரண்டு சொல்லில் நின்றுவிட்டது.

விளக்கு, அளவுமானி, மாற்று ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சாக எடுக்கிற கருவி) எல்லாவற்றையும் உடம்போடு சேர்த்து வைக்க உலோகக் கொழுவிகள் பாவிக்கிறோம். ஒரு வகைக்கு வில் வைத்த நாக்கு இருக்கும். வெளியிலிருந்து அமத்தினால் நாக்கு உள்ளே போகும், விட்டால் மூடிக்கொள்ளும். மலையேறுகிறவர்களின் காராபினர் இந்த வகைதான். மற்றதில் சின்னக் குமிழ் ஒன்று, அதைப் பெருவிரலால் பின்னால் இழுத்தால்தான் திறக்கும். அது போல்ட் ஸ்னாப்.

போன பருவத்தில் புறாமலைப் பக்கம், 14 மீற்றரில், அறுந்து கிடந்த தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) ஒன்று என் இடது தோள் கொழுவிக்குள் தானாகவே புகுந்துவிட்டது. நாக்கை அமத்த ஒரு கை தேவையில்லை, இழுபடுகிற நூலே போதும். முன்னுக்குப் போக முடியவில்லை. என்ன என்று திரும்பினேன், திரும்பின திருப்பில் சிலிண்டர் வால்விலும் ஒரு சுற்று. கூட வந்தவர் வெட்டிவிட்டார். கரையில் கழற்றிப் பார்த்தால் நாக்கு இறுக மூடியிருக்கிறது, உள்ளே நான்கு விரல் நீளத் தங்கூசி. நூல் வெளியே வருவதற்கு அதே நாக்கை யாராவது திறக்க வேண்டும், தோளுக்குப் பின்னால் இருப்பதைக் கண் காணாது.

ஆங்கிலத்தில் சுழியோடிகள் இந்த முதல் வகையை சூசைட் கிளிப் என்பார்கள். தமிழில் என்ன சொல்லலாம்?

மட்டக்களப்பு, செவ்வாய் காலை

அண்ணை, தற்கொலைக் கொழுவி. நேரடியாக இருக்கிறது, ஒருதரும் மறக்கமாட்டார்கள்.

மூதூர், செவ்வாய் மதியம்

தம்பி, வேண்டாம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் வகுப்பறைக்குள் வந்தால் பிள்ளைகளின் காதில் வேறு கதைதான் விழும். சில வீடுகளில் அது இன்னும் ஆறாத காயம். அதோடு சொல்லிலும் பிழை இருக்கிறது. தன்னைத் தானே கொல்வதுதானே தற்கொலை? இங்கே கொழுவியல்லவா மனிதனைப் பிடிக்கிறது.

கண்ணிக் கொழுவி என்று வைக்கலாமா? பறவைக்கு வைக்கிற கண்ணி மாதிரி, போனால் வராது.

நிலாவெளி, செவ்வாய் இரவு

ஐயா, முதல் பகுதிக்கு நன்றி, அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். ஆனால் கண்ணி என்றாலும் இங்கே கண்ணிவெடிதான் முதலில் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், மீனவருக்குக் கண்ணி என்றால் வலைக்கண்ணி. வலையில் மாட்டுகிற கொழுவி என்று நினைப்பார்கள்.

யாழ்ப்பாணம், புதன் காலை

பேச்சு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். முதலில் எழுத்தைச் சரிசெய்வோம். கொழுவி அல்ல, கொளுவி. வேர் கொள். கொள், கொளு, கொளுவு என்று வரும் வினையோடு கருவிப்பொருளில் இகரம் சேர்ந்தது. நகையைப் பூட்டும் பகுதிக்கும் எலும்பு மூட்டுக்கும் கொளுத்து என்ற பெயர் உண்டு. எல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொள்வன. தீயைக் கொளுத்துவதும் தீயைப் பற்றவைப்பதே. பேச்சில் ழகரமாகிவிட்டது என்பதற்காக வேரை மறைக்கலாமா?

இரண்டாவது வகைக்குச் சொல் தேடவே வேண்டாம், நம்மிடம் இருக்கிறது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்' என்கிறது குறள். இழுத்துத் திறக்கும் கட்டை தாழ்தானே? தாழ்க்கொளுவி.

திருகோணமலை நகர், புதன் மதியம்

சேர், கொழுகொம்புக்கு ழகரம் போடுகிறோமே? கொடி பற்றுகிற கொம்புதானே அதுவும். நாங்கள் சட்டையைக் கொழுவுகிறோம், பையைக் கொழுவுகிறோம். சண்டைக்கும் கொழுவல் என்றுதான் சொல்கிறோம், ஒருவரோடு ஒருவர் மாட்டிக்கொள்வதால். திருகோணமலையில் ளகரத்தில் எழுதினால் பிள்ளைகள் எழுத்துப்பிழை என்றே நினைப்பார்கள்.

தாழ்க்கொழுவி அழகான சொல். ஆனால் கடலுக்குள் தாழ் என்றால் கீழே போ என்று கேட்குமே.

கொழும்பு, புதன் மாலை

எனக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று விளங்கவில்லை. காராபினர், போல்ட் ஸ்னாப் என்று அப்படியே எழுதுங்கள். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் கிடைக்கும்.

நிலாவெளி, புதன் இரவு

கடைப்பெயரை ஒருமுறை கட்டாயம் எழுதுவேன். ஆனால் காராபினர் என்ற பெயர் ஜேர்மன் மொழியில் கார்பைன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிய கொக்கியிலிருந்து வந்தது. எதைத் தள்ளி வைக்க வேண்டும் என்று அது பிள்ளைக்குச் சொல்லாது. எனக்கு வேண்டியது படகில் சாமான் பூட்டும்போது ஒருவன் மற்றவனைப் பார்த்து, டேய், அதை மாத்து என்று சொல்ல வைக்கிற சொல்.

இன்று கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இரண்டையும் கொடுத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. ஒவ்வொன்றையும் நாலைந்து தரம் திறந்து மூடினார். கையில் கிடந்த தங்கூசியை முதலாவதின் நாக்கில் வைத்து மெல்ல இழுத்தார், டக் என்று உள்ளே போய்விட்டது. மற்றதில் இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. "இது அமத்தினா வாங்கும், அது இழுத்தாத்தான் வாங்கும்," என்றார்.

ஆகவே: அமுக்குக் கொழுவி, இழுப்புக் கொழுவி. எப்படித் திறக்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. நூலுக்கு அமத்தத் தெரியும், குமிழைப் பிடித்துப் பின்னால் இழுக்கத் தெரியாது.

குறிப்பில் இதையும் சேர்த்துவிட்டேன்: இழுப்புக் கொழுவியையும் சாமானில் உலோக வளையத்தால் பூட்டாமல் கயிற்றால் கட்டுங்கள், சிக்கினால் கயிற்றை வெட்டலாம். மாட்டினால் திரும்பாதீர்கள், நில்லுங்கள், துணைக்குச் சைகை காட்டுங்கள். வெட்டுக்கருவி எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மூதூர், வியாழன் காலை

அமுக்குக் கொழுவிக்கு என் சம்மதம். இழுப்பு என்றால் ஆஸ்துமா இழுப்பும் நினைவு வருகிறது, மூச்சுச் சம்பந்தப்பட்ட தொழில் வேறு. சரி, வேறு சொல் கிடைக்கும் வரை இருக்கட்டும்.

மட்டக்களப்பு, வியாழன் காலை

எனக்கும் சரி அண்ணை.

திருகோணமலை நகர், வியாழன் மதியம்

சம்மதம். அச்சுப்பிரதியில் பத்து எனக்கும் எடுத்து வையுங்கள், உப்புவெளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க.

யாழ்ப்பாணம், வியாழன் இரவு

நாளை வகுப்பு என்பதால் தடுக்கவில்லை, அச்சுக்குப் போகட்டும். ஆனால் தாழ்க்கொளுவியை நான் கைவிடவில்லை. ழகரத்தை ஏற்றவர்களில் என்னைச் சேர்க்கவும் வேண்டாம். கொழுகொம்புக்குக் கொளுகொம்பு என்ற வடிவமும் உண்டு. அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.