கட்டில்-சோபாவைக் கடைகளில் இறக்க விடுகிறார்களில்லை, என்ன செய்யலாம்?

பட்டறைக்காரி (களுவாஞ்சிகுடி):
நானும் அவரும் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறோம். அவர் மரவேலை, நான் மெத்தையும் தையலும். எட்டு மாதமாக ஒரு கட்டில்-சோபா செய்கிறோம். பகலில் சாய்ந்து இருக்கலாம், இரவில் முன்னால் இழுத்தால் 6 அடிக்கு 4 அடிப் படுக்கை. மேலே மருதமுனைக் கைத்தறித் துணி. விலை 62,000 ரூபா. வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் விரும்புகிறார்கள். கடைக்குத்தான் போகுதில்லை.

பட்டா என்கிற சின்ன லொறியின் தட்டு ஏழடி நீளம், அகலம் ஐந்தடிகூட வராது. ஒன்றைத்தான் ஏற்றலாம். அதோடு மூன்று கடைக்குப் போனேன். ஒருவர் லொறியில் வைத்தே பார்த்துவிட்டு "இடமில்லை பிள்ளை" என்றார். ஒருவர் இரண்டு மாதம் தள்ளி செக் தருவாராம். மற்றவர் "வைத்துவிட்டுப் போங்க, விற்றால் காசு" என்றார். வைத்தேன். நாலு மாதத்தில் அப்படியே கிறுகி வந்தது. தலை சாய்க்கிற இடத்தில் எண்ணெய்க் கறை, ஒரு காலில் வெட்டு. அன்றைக்கு அழுதுவிட்டேன். அந்தத் துணியை நானே தேடித் தேடி எடுத்தது. கடைக்காரரிடம் எப்படித்தான் பேச வேண்டும்?

கல்முனைத் தளபாடம்:
தங்கச்சி, உங்கட சாமானில் பிழையில்லை. நாங்கள் சாமானுக்கு முன்னம் தரையைத்தான் பார்ப்போம். விரித்து வைத்தால் 24 சதுர அடி. அதில் நாலு இரும்பு அலுமாரி நிறுத்துவேன், பிளாஸ்டிக் கதிரை என்றால் நூறு அடுக்குவேன். அதனால் இடம் கேட்காதீங்க, ஒன்றே ஒன்றை வைக்கக் கேளுங்க. அது விற்கிறதுக்கு இல்லை, பார்க்கிறதுக்கு. ஓடர் வந்தால் நான் போன் பண்ணுவேன், நீங்கள் பட்டறையிலிருந்து நேரே வாங்குகிறவர் வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஏற்றுக்கூலியும் இல்லை, களஞ்சியமும் தேவையில்லை. 20 வீதம் தந்தால் போதும்.

மறுகா, எங்களை நோகடிக்கிற விசயம் ஒன்று இருக்கு. சனம் கடையில் இருந்து பார்த்துவிட்டு, முகநூலில் உங்களைப் பிடித்து 52,000க்கு எடுத்துவிடும். அப்படி நடந்தால் அந்தக் கடைப் படி நீங்கள் திரும்ப மிதிக்க ஏலாது. பட்டறையிலும் 62,000தான் என்று முதல் நாளே சொல்லுங்க.

போகிற காலமும் முக்கியம். மார்கழி வெள்ளத்துக்குள் ஒருத்தரும் சோபா வாங்க மாட்டார்கள், துணியும் ஈரம் இழுக்கும். பெரும்போகம் வெட்டி மாசி, பங்குனியில் நெல்லுக் காசு கையில் வரும்போது கடையில் நிற்க வேண்டும். நம்மட பக்கம் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிற பக்கம். வாங்கப் போறது கல்யாண மாப்பிள்ளை இல்லை, பொம்பிளையின் தாய்தகப்பன். சின்ன வீட்டில் ஒரு அறை மிச்சம் என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துங்க.

தறிக்காரன் (மருதமுனை):
அக்கா, உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரி சிப் வைத்துத் தையுங்க. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், வெட்டுவதற்கு முன் துணியை ஒருதரம் நனைத்துக் காயப்போடுங்க. ஆறு நிறத்தில் கையளவு துண்டு வெட்டி வளையத்தில் கோர்த்துக் கடைக்குக் கொடுங்க. ஆறு சோபா ஏற்றத் தேவையில்லை.

பட்டறைக்காரி:
கல்முனைக் காக்கா, நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினதும் அவர் சாய்மானத்தையும் காலையும் ஆணி இல்லாமல் போல்ட்டில் மாற்றிவிட்டார். கழற்றினால் முக்காலடி உயரக் கட்டு. இப்ப பட்டாவில் மூன்று போகும்! ஒரு கேள்வி மட்டும். காட்சிக்கு வைத்தது பழுதானால் யார் பொறுப்பு?

கல்முனைத் தளபாடம்:
அதை வாயால் பேசி விடாதீங்க, ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் ஒப்பம் வையுங்க. ஆறு மாதத்துக்கொருக்கா புதுசு வைத்துப் பழசை எடுக்கிறது. பழசை அரை விலைக்குக் கொடுத்து அந்த நட்டத்தைப் பாதிப்பாதி ஏற்கிறது. எங்கட கடைக்கு வாறதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம். சனிக்கிழமை காலையில் வாங்க, முன் கண்ணாடிப் பக்கம் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.