பிடுங்கிய பல் வலிக்கிறது. மனநல ஆலோசனைக்குப் போகச் சொல்கிறார்கள்

கேள்வி (களியக்காவிளையிலிருந்து):
எனக்கு வயது 51. வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு இடப்பக்க மேல் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. ரூட் கெனால் செய்தும் அடங்கவில்லை, பிடுங்கினார்கள். பத்தே நாளில் அதே வலி பக்கத்துப் பல்லுக்கு வந்தது. அதையும் எடுத்தாயிற்று (நானே கெஞ்சி எடுக்க வைத்தேன், யாரையும் குறை சொல்வதற்கில்லை). இப்போது வெறும் ஈறில் பல் வலிக்கிறது.

ஏத்தங்காய் சிப்ஸ் மெல்லும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும் வலி தெரிவதில்லை. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் வினை. "அப்படியானால் எல்லாம் மனசுதான்" என்று மகன் தீர்ப்பு எழுதிவிட்டான்.

திருவனந்தபுரத்தில் பார்த்த பல் டாக்டர், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லி, இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமும் மனநல ஆலோசனையும் எழுதினார். மருந்துக்கடைக்காரர் "இது மனச்சோர்வு மாத்திரையாயிற்றே, யாருக்கு?" என்று உரக்கக் கேட்டார். எனக்குப் பின்னால் நாத்தனார். அட்டை பிரிக்காமல் மெஷின் டிராயரில் கிடக்கிறது. மூன்றாவது பல்லையும் எடுத்துவிடட்டுமா?

பதில் 1:
கிராம்பு எண்ணெய் வைத்துப் பாருங்கள் அக்கா.

பதில் 2 (பல் மருத்துவர், பாலக்காடு):
பல்லைத் தொடாதீர்கள் அம்மா. கிராம்பு எண்ணெயும் வேண்டாம், ஈறு புண்ணாகும். பல் போன பிறகும் வலியைச் சுமந்த நரம்பும் மூளையும் பழைய சேதியையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கினால் வலி இடம் மாறுமே தவிரப் போகாது. கவனம் வேறு பக்கம் போனால் குறைவதும் இந்த வலியின் குணம்தான், நீங்கள் நடிப்பதற்குச் சாட்சியல்ல.

அந்த மாத்திரையை மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு அளவில். இந்தச் சிறிய அளவு நரம்பு வலிக்கு. வாய் உலரும், தூக்கம் வரும். கண் அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் எழுதியவரிடம் முதலில் சொல்லுங்கள். டோக்கியோவில் பல் மருத்துவத்துக்குள்ளேயே இதுபோன்ற வலிகளுக்கென்று தனித் துறை இருக்கிறது. அங்கே போகிறவர்களை யாரும் பைத்தியம் என்பதில்லை.

ஒரு சந்தேகம்: நூலைப் பல்லால் கடித்து அறுப்பீர்களா? குண்டூசியைப் பல்லிடுக்கில் வைப்பீர்களா? மெல்லாத நேரத்தில் உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது.

பதில் 3 (ஓய்வுபெற்ற ஆசிரியை, செங்கோட்டை):
எனக்கு நாக்கு எரிச்சல். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சாயங்காலமானால் ஏறும். முதலில் சர்க்கரை, இரும்புச் சத்து, பி12, பூஞ்சைத் தொற்று எல்லாம் பார்த்தார்கள். காரணம் எதுவும் கிடைக்காமல், தினமும் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதத்துக்கு மேலாக எரிந்தால்தான் இதற்கு 'எரியும் வாய்' (burning mouth syndrome) என்று தனிப் பெயர் வைப்பார்களாம். ஆலோசகர் என் குடும்பக் கதையைத் தோண்டுவார் என்று பயந்துபோனேன். அவரோ, கண்ணாடியில் நாக்கை ஒரு நாளில் எத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எண்ணினேன், பத்தொன்பது. எரிச்சல் முழுக்கப் போகவில்லை, ஆனால் தூங்குகிறேன்.

கேட்டவர்:
டாக்டர், கடிப்பேன். இதை எழுதும்போதுகூட உதட்டில் ஒரு குண்டூசி இருந்தது. எனக்குக் கண் அழுத்தம் உண்டா என்று தெரியாது, நாளை எழுதியவரிடமே கேட்கிறேன். மாத்திரையை இனி மார்த்தாண்டத்தில் வாங்கிக்கொள்கிறேன்.