பிஎஸ்5 வாங்குனா பழைய கேங் திரும்ப கூடுமா?

வியாசை_பழையபையன்:
மச்சிங்களா ஒரு டவுட்டு. நாங்க அஞ்சு பேரு, எம்கேபி நகர்ல ஒண்ணா வளந்தவங்க. 2008, 2009ல ஸ்கூல் வுட்டா நேரா கேம் கடை தான், மணிக்கு 20 ரூவா, ஒரே ஒரு பிஎஸ்2 (ப்ளேஸ்டேஷன், டிவில மாட்டி ஆடற கேம் மிஷினு), அதுல ஸ்மாக்டவுன் ரெஸ்லிங் இல்லனா ஃபிஃபா ஃபுட்பால், டியூஷன் காச அங்க அழுதுட்டு வூட்ல உதை வாங்குன கதையெல்லாம் இருக்கு. அப்புறம் போன்ல ஆடற பப்ஜி வந்தப்ப அவனவன் வூட்ல படுத்துக்கினே ஒண்ணா ஆடுனோம், 2020 செப்டம்பர்ல அத தடை பண்ணதோட அதுவும் போச்சு, பிஜிஎம்ஐனு திரும்ப வரதுக்குள்ள ரெண்டு பேருக்கு கல்யாணமே ஆயிடுச்சு. இப்ப ஒருத்தன் மாதவரம், ஒருத்தன் கூடுவாஞ்சேரி, ஒருத்தன் பஹ்ரைன்ல. வாட்ஸப் குரூப்ல பர்த்டேக்கு கேக் படம் போடறதோட சரி. போனஸ் வந்துருக்கு, பிஎஸ்5 டிஸ்க் மாடல் 55,000 கிட்ட சொல்றான். வூட்ல கேக்குறா, "அவங்க வருவாங்களா, இல்ல நீ தனியா குந்திக்கினு ஆடப்போறியா"னு. எனக்கே தெரில. வாங்குனவங்க சொல்லுங்க, பசங்க வந்தாங்களா?

கொருக்குப்பேட்டை_கேட்:
வந்தாங்க தல. மொத வாரம் ஏழு பேரு, பிரியாணி எல்லாம் ஆச்சு. ரெண்டாவது வாரம் மூணு பேரு. மூணாவது வாரம் நானும் என் பையனும் தான், மத்தவனுங்க எல்லாம் "ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க மச்சான்"னு ஒரே பதில். அப்புறம் தான் உறைச்சுது, பாக்ஸோட கையில புடிச்சு ஆடற கன்ட்ரோலர் ஒண்ணு தான் வருது, ஒருத்தன் ஆட ஆறு பேரு போன நோண்டிக்கினு இருந்தா எவன் திரும்ப வருவான். புதுசு ஒண்ணு 6,000 பக்கம். காச மிச்சம் பண்றேன்னு ஒரு கடையில செகண்ட்ஸ் வாங்குனேன், ஸ்டிக்க தொடாமலே பிளேயர் தானா லெஃப்ட்டு பக்கம் ஓடுறான், மாத்தித் தரமாட்டேன்னுட்டான், அது தனி பேஜாரு.

ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோ. பிஎஸ்4 வெச்சிருந்தவன் நம்ம கேங்ல எவனாவது இருப்பான்ல, அந்த பழைய கன்ட்ரோலர் பிஎஸ்5ல வேலை செய்யும், ஆனா பிஎஸ்4 கேமுக்கு மட்டும், பிஎஸ்5 கேமுக்கு எடுக்காது. அதனால நான் எஃப்சி 24 பிஎஸ்4 டிஸ்க்கே வாங்கிட்டேன் (ஃபிஃபா தான், 2023ல பேர மாத்திட்டானுங்க, நம்ம வாய்ல இன்னும் ஃபிஃபா தான் வருது). நாலு பேரு ஒரே நேரத்துல ஆடலாம். புல்லு கொஞ்சம் டல்லா தெரியும், நம்மாளுங்க எவன் புல்ல பாக்குறான். டிஸ்க் போட எடமில்லாத டிஜிட்டல் மாடல் மட்டும் வேணாம், டிஸ்க்குனா ஆடி முடிச்சு கைமாத்திக்கலாம்.

ராயபுரம்_ஸ்ட்ரைக்கர்:
55,000 போட்டு தான் ஃப்ரெண்டுங்கள கூப்புடணுமா? ஒரு கேரம் போர்டு, ஒரு டப்பா பவுடரு, ஒரு குண்டு பல்பு, தெருவே வந்து நிக்கும். நம்ம செரியன் நகர் காசிமா 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் அடிச்சிட்டு வந்துச்சு, நீங்க இன்னான்னா கன்ட்ரோலர் கணக்கு பாத்துக்கினு இருக்கீங்க.

எண்ணூர்_காத்து:
ராயபுரம் அண்ணே, கேரமும் இதுவும் ஒரே மேட்டரு தான், சுத்தி நின்னு கலாய்க்க நாலு பேரு வேணும். கொருக்குப்பேட்ட தல சொல்ற நாலு பேரு ஒரே நேரத்துல ஆடுறது தான் எனக்கு ஒத்து வரல. பிஎஸ்2ல ரெண்டு போர்ட்டு தானே இருந்துச்சு? அதனால தான் கடையில அவ்ளோ மஜாவே. தோத்தவன் எந்திரிக்கணும், ஜெயிச்சவன் அப்டியே குந்திக்கினு இருப்பான், பின்னாடி நிக்கிறவனுங்க வாய் தான் பாதி கேமு. எங்க வூட்ல இப்ப நாலு கன்ட்ரோலர் இருக்கு, ரெண்ட பீரோல வெச்சு பூட்டிட்டேன். ஒரே ரூலு, தோத்தா எந்திரிடா, அஞ்சு மேட்ச் தொடர்ந்து தோத்தவன் டீ வாங்கிக்கினு வரணும். ஆறு மாசமா மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நடக்குது, துபாய்க்காரன் வீடியோ கால்ல கமென்ட்ரி குடுக்குறான், அவன் தொல்ல தான் தாங்கல.

ஆன்லைன்ல ஆடலாம்னு மட்டும் இறங்காத. அவனவனுக்கு தனித்தனி மிஷினு வேணும், ஃபிஃபா மாதிரி காசு குடுத்து வாங்குற கேமுக்கு ஆன்லைன்ல ஆட பிஎஸ் பிளஸ்னு ஒரு சந்தாவும் ஆளாளுக்கு கட்டணும். ஒரே வூட்ல குந்தி ஆடுனா சந்தாவே தேவையில்ல.

அப்புறம் வூட்ல சமாதானம் பண்ண இட் டேக்ஸ் டூனு ஒரு கேமு, ரெண்டு பேரு சேந்து தான் ஆட முடியும், தனியா ஆடவே முடியாது. ஆனா கதையே டைவர்ஸ் பண்ணப்போற புருஷன் பொண்டாட்டி பொம்மையா மாறுறது தான், சொல்லிட்டு போடு.

வியாசை_பழையபையன்:
நேத்து நைட்டு குரூப்ல போட்டுட்டேன், "வாங்கட்டா? தோத்தவன் எந்திரிக்கணும்"னு. ரெண்டு மணி நேரம் வெறும் ப்ளூ டிக்கு, சரி அவ்ளோதான்னு தூங்கப் போனேன். காலைல பாத்தா 94 மெசேஜு. பஹ்ரைன்காரன் இப்பவே கமென்ட்ரி ஆரம்பிச்சிட்டான். மாதவரத்தான்கிட்ட பிஎஸ்4 கன்ட்ரோலர் ரெண்டு இருக்காம், பரண்ல. கூடுவாஞ்சேரிக்காரன் மட்டும் ஒரு வாய்ஸ் நோட்டு அனுப்பிருக்கான், "கடைசி நாள் கடையில உனக்கும் சேத்து நான் தான் 20 ரூவா குடுத்தேன், அத மொதல்ல எடுத்து வை, அப்புறம் பேசலாம்"னு. 2009 கணக்கு மச்சி.