சி டாலர், டி டாலர்: கானாடுகாத்தான் வீட்டில் நான் செய்த தவறு

காரைக்குடியில் கணினிப் பழுது பார்ப்பதும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். விண்டோஸின் மறைந்த நிர்வாகப் பகிர்வுகளைப் பற்றி, அதாவது ஒரு கணினியின் டிரைவை நெட்வொர்க் வழியாக நிர்வாகி திறப்பதற்கென்று பட்டியலில் தெரியாமல் இருக்கும் வழிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், கானாடுகாத்தான் பக்கம் உள்ள ஒரு பழைய வீடுதான் எனக்கு நினைவுக்கு வரும். ஆத்தங்குடிக் கல் வியாபாரம் நடக்கும் வீடு அது. முகப்பில் பில் போடும் இடமும் இரண்டாம் கட்டில் கணக்கு அறையும் இருந்தன. சுவர்களின் கனத்தில் வைஃபை இரண்டாம் கட்டுவரை எட்டவில்லை. சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி உத்தரத்தை ஒட்டியே கேபிளை இழுத்து ஆறு கணினிகளை இணைத்தேன்.

வேலை எளிதாக இருக்க வேண்டும் என்று ஆறிலும் ஒரே நிர்வாகிக் கணக்கையும் ஒரே கடவுச்சொல்லையும் வைத்தேன். பிறகு முகப்பில் உட்கார்ந்து, கணக்கு அறைக் கணினியின் டி டிரைவைத் திறக்க அதன் பெயருக்குப் பின் 'டி$' என்று அடித்துப் பார்த்தபோது, கடவுச்சொல் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டது. விண்டோஸ் விஸ்டா வந்த நாளிலிருந்து, டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத இடத்தில் ஒரு கணினியின் உள்ளூர் நிர்வாகி நெட்வொர்க் வழியாக நுழைந்தால், விண்டோஸ் அவருடைய நிர்வாக அதிகாரத்தைக் கழித்துவிட்டுச் சாதாரணப் பயனராகவே நடத்துகிறது. அது பழுதல்ல, பாதுகாப்புக்காகவே வைத்த தடுப்பு. எனக்கோ அன்று அது இடைஞ்சலாகத்தான் தெரிந்தது. அந்தத் தடுப்பை நீக்க, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் 'லோக்கல்அக்கவுன்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி' என்ற மதிப்பை உருவாக்கி 1 என்று இட்டேன். ஆறு கணினிகளிலும் இட்டேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

சில மாதங்கள் கழித்து, கணக்கப்பிள்ளை ஊரில் இல்லாத ஒரு நாளில், ஆடிட்டர் கேட்ட கோப்பு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அவர் அறை பூட்டியிருந்தது, கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, பூட்டை உடைக்காம எடுக்க முடியுமா?" என்று ஆச்சி கேட்டார்கள். "முடியும் ஆச்சி" என்று சொல்லி, பில் போடும் கணினியில் கணக்கு அறைக் கணினியின் பெயரையும் 'டி$' என்பதையும் அடித்தேன். முழு டிரைவும் திறந்தது. பக்கத்தில் நின்ற பில் போடும் தம்பி நான் அடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பொருட்படுத்தவில்லை.

அடுத்த மாதம் அந்தத் தம்பி கணக்கப்பிள்ளையிடம் சென்று, தன்னைவிடப் பின்னால் சேர்ந்தவருக்கு எப்படிக் கூடுதல் சம்பளம் என்று ரூபாய்க் கணக்கோடு கேட்டிருக்கிறார். என்னை வரச் சொன்னார்கள். கணக்கு அறைக் கணினியில் 'பகிர்ந்த கோப்புறைகள்' பகுதியைத் திறந்து, அதிலுள்ள 'திறந்திருக்கும் கோப்புகள்' பட்டியலைப் பார்த்தேன். சம்பளப் பட்டியல் கோப்பு அந்த நேரத்திலும் திறந்திருந்தது. எந்தக் கணினியிலிருந்து என்று பார்த்தால், முகப்பில் பில் போடும் கணினி. யாரும் எந்தக் கடவுச்சொல்லையும் திருடவில்லை. இரண்டு கணினிகளிலும் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் எதையும் கேட்காமலேயே உள்ளே விட்டுவிடும். அந்தத் தம்பியோ அதே நிர்வாகிக் கணக்கில்தான் நாள் முழுக்க வேலை செய்துகொண்டிருந்தார், ஏனென்றால் அப்படி அமைத்துக் கொடுத்தவன் நான்.

"நான் எதையும் பகிரச் சொல்லலையேப்பா, பிறகு எப்படித் திறந்துச்சு?" என்று ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. நாம் பகிர்ந்தாலும் பகிராவிட்டாலும், விண்டோஸ் ஒவ்வொரு டிரைவையும் சி$, டி$ என்றும், விண்டோஸ் கோப்புறையை அட்மின்$ என்றும் தானாகவே பகிர்ந்துவிடுகிறது. பெயரின் கடைசியில் டாலர் குறி இருந்தால் பார்க்கும் கணினி அதைப் பட்டியலில் காட்டாது, அவ்வளவுதான். நான் லினக்ஸ் லேப்டாப்பை அந்தக் கேபிளில் செருகி அத்தனை பெயர்களையும் வரிசையாக ஆச்சிக்குக் காட்டினேன். பிறகு அவர்கள் வீட்டை வைத்தே விளக்கினேன்: வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) தனி அறை, தனிப் பூட்டு, தனிச் சாவி உண்டு, நான் எல்லா அறைக்கும் ஒரே சாவியைச் செய்து வேலையாள் கையில் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு உடனே புரிந்தது. அந்தத் தம்பியைத் திட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதற்கும் சம்மதித்தார்கள்.

அன்று மாலைவரை அங்கேயே இருந்து சரிசெய்தேன். முதலில் 'நெட் ஷேர்' கட்டளையால் டி$ பகிர்வை நீக்கினேன். கணினியை மறுபடி துவக்கியதும் அது திரும்ப வந்துவிட்டது. நிரந்தரமாக நிறுத்த வேண்டுமானால், ரிஜிஸ்ட்ரியில், கோப்புப் பகிர்வைக் கவனிக்கும் லேன்மேன்சர்வர் சேவையின் பாராமீட்டர்ஸ் பகுதியில் 'ஆட்டோஷேர்டபிள்யூகேஎஸ்' என்ற மதிப்பை 0 என்று இட வேண்டும். சர்வர் பதிப்பாக இருந்தால் அதன் பெயர் 'ஆட்டோஷேர்சர்வர்'. அப்படிச் செய்தாலும், கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படும் ஐபிசி$ என்ற பகிர்வு போகாது, அது போகவும் வேண்டியதில்லை. நான் இட்டிருந்த அந்த 1 என்ற மதிப்பை ஆறிலும் அழித்தேன். பில் போடுபவர்களுக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்குகளை உருவாக்கினேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆறு கணினிகளின் நிர்வாகிக் கணக்குகளுக்கும் ஆறு வெவ்வேறு கடவுச்சொற்கள் வைத்தேன். டொமைன் உள்ள அலுவலகங்களில் இந்தக் கடவுச்சொற்களை மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் என்ற கருவி தானாகவே மாற்றிக்கொள்ளும்; இங்கே தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க, ஆச்சி அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

சம்பளப் பட்டியல் வெளியே தெரிந்ததோடு போனது எங்கள் நல்ல நேரம். 2008 இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற கணினிக் கிருமி, எளிய கடவுச்சொற்களை ஊகித்து அட்மின்$ பகிர்வில் தன்னையே நகலெடுத்து வைத்தது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற இன்னொரு கிருமி, ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து எடுத்த கடவுச்சொல்லைக் கொண்டு அதே வழியில் அடுத்த கணினிக்குத் தாவியது. ஆறிலும் ஒரே கடவுச்சொல் உள்ள வீட்டில், ஒன்றில் நுழைந்த கிருமிக்கு மற்ற ஐந்தும் திறந்தே கிடக்கும்.

அதே வாரத்தில், நான் முன்பு அமைத்துக் கொடுத்த மற்ற இடங்களுக்கும் சென்று, பணம் வாங்காமல் எல்லாவற்றையும் மாற்றினேன். தேவகோட்டையில் ஓர் அரிசி மண்டியில் மட்டும் நிர்வாகப் பகிர்வுகளை நிறுத்த முடியவில்லை, ஏனெனில் அவர்களுடைய பேக்கப் மென்பொருளுக்கு அட்மின்$ தேவைப்பட்டது. அங்கே ஃபயர்வாலில், கோப்புப் பகிர்வு நடக்கும் 445-ஆம் போர்ட்டை பேக்கப் கணினியின் முகவரிக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.