டி.ஓ.சி.ஜி. முத்திரையை நம்பி ஒயின் வாங்கலாமா?

கொடிமுந்திரி:
கடையில் கியான்டி கிளாசிக்கோ என்ற சிவப்பு ஒயின் பாட்டிலில் இத்தாலியின் உயர்ந்த முத்திரையான டி.ஓ.சி.ஜி. இருக்கிறது. பக்கத்திலேயே அதே டஸ்கனி பகுதியின் டிக்னனெல்லோ என்ற ஒயின், அதில் தரவரிசையில் கீழே உள்ள ஐ.ஜி.டி. முத்திரைதான், ஆனால் விலை பல மடங்கு. அப்புறம் முத்திரையை எதற்குப் பார்ப்பது?

மலைச்சரிவு:
முத்திரை சொல்வது ஊரையும் செய்முறையையும்தான், ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை. 1967இல் கியான்டிக்கு டி.ஓ.சி. (டி.ஓ.சி.ஜி.க்கு அடுத்த படி முத்திரை) வந்தபோது, சிவப்பு ஒயினிலேயே 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சை சேர்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். நல்ல சாஞ்சோவேசே என்ற சிவப்பு ஒயின் திராட்சை வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! டஸ்கனியில் ஒயின் தயாரிக்கும் ஆன்டினோரி குடும்பம் 1971 அறுவடையை கியான்டி என்ற பெயரையே விட்டுவிட்டு, வெறும் 'மேசை ஒயின்' (ஊர்ப் பெயர் முத்திரை இல்லாத கடைசிப் படி) என்று விற்றது. அதுதான் நீங்கள் பார்த்த டிக்னனெல்லோ. ஐ.ஜி.டி. என்ற படியே 1992 சட்டத்தில்தான் வந்தது. கியான்டி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சையை அடியோடு நிறுத்தியது 2006 அறுவடையிலிருந்து, அவ்வளவு தாமதம்.

பழையசாறு:
சரி, ஆனால் விதியே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 1911இல் பிரான்சின் ஷாம்பெயின் பகுதி விவசாயிகள் கலவரம் செய்ததற்கு ஒரு காரணம், வியாபாரிகள் வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்று விற்றதுதான். பிரான்ஸ் 1935இல் ஊர்ப் பெயரைக் காக்கும் ஏ.ஓ.சி. சட்டம் போட்டதும் இந்த மாதிரி ஏமாற்றுக்காகத்தான். ஊர்ப் பெயருக்குக் காவல் இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது சிறு விவசாயி.

கொடிமுந்திரி:
புரிகிறது. இனி முத்திரையோடு தயாரிப்பாளர் பெயரையும் பார்த்து வாங்குகிறேன், நன்றி.